ஆச்சி முன்னால் நாலு மைக்: மூன்று வருட அனுபவம்

ஆச்சி காதில் தொங்கும் பாம்படத்துக்கும் காலர் மைக்குக்கும் ஆகாது. மைக் எது வாங்கலாம் என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். கேட்டவர் முகம் கொஞ்சம் விழும். அவருக்கு வேண்டியது மாடல் நம்பர். அதையும் சொல்கிறேன், பொறுங்கள்.

சேரன்மகாதேவியில் ஆச்சி வீடு. வயது 84. சுடலைமாடன் கதை, தாமிரபரணியில் வெள்ளம் வந்த கதை, சொதிக்கு எத்தனை தேங்காய் என்கிற கணக்கு, தெருவில் யார் யாருக்கு ஏன் பேச்சுவார்த்தை இல்லை என்பது வரை எல்லாம் மனப்பாடம். (கடைசியில் சொன்னது வெளியிட முடியாத வகை.) 2022 ஆவணியில் இவற்றைப் பதிவுசெய்து பாட்காஸ்ட்டாகப் போட ஆரம்பித்தேன். இப்போது 70 எபிசோடு தாண்டிவிட்டது. முன்னுரையும் இடையுரையும் என் குரல். ஆரம்பத்தில் அவை பாளையங்கோட்டையில் என் வீட்டில் பதிவாகின. கதை ஆச்சியுடையது, அது அவள் வீட்டுப் பட்டாசலில், அதாவது கூடத்தில். இரண்டு ஆள், இரண்டு வீடு. இந்தக் கணக்கைப் போடாமலேயே மைக் வாங்கப் போனேன்.

முதலில் வாங்கியது ஆன்லைனில் கிடைத்த யூஎஸ்பி கண்டன்சர் செட். ஸ்பிரிங் கை, வலை, நுரை உறை எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம். பெயர் வேண்டாம். யாரும் பேசாதபோதும் பால் பொங்கப் போகிற மாதிரி ஒரு இரைச்சல். ஸ்பிரிங்கைத் தொட்டால் கிணற்று ராட்டினம். ஆறு மாதம் ஓட்டிவிட்டு மூலையில் போட்டேன். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீடெல்லாம் ஈரம் கோத்துக் கிடந்த வாரத்தில் அதன் கதை முடிந்தது. அழவில்லை.

அடுத்தது ஆடியோ-டெக்னிகா ஏடி2020. அதற்கு ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ என்ற இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி), மூன்றாம் தலைமுறை. ஏடி2020-உம் கண்டன்சர்தான். உள்ளே மெல்லிய சவ்வு, அதன் பின்னால் ஒரு தகடு. சத்தம் பட்டுச் சவ்வு அசைந்தால் இரண்டுக்கும் நடுவிலுள்ள மின்தேக்கம் மாறும்; அதுவே சிக்னல். இன்டர்ஃபேஸிலிருந்து 48 வோல்ட் பேன்டம் பவர் போனால்தான் வேலை செய்யும். பட்டனை அமுக்க மறந்துவிட்டு மைக் செத்துப்போச்சு என்று பதறியவர்களில் நானும் ஒருவன்.

முதல் நாள் ஆச்சி குரலை ஹெட்ஃபோனில் கேட்டபோது மடியில் உட்கார்ந்து கதை கேட்ட வயசு வந்துவிட்டது. மூச்சு இழுப்பது, பல் போன இடத்தில் காற்று நழுவுவது, 'அப்புறம்' என்று சொல்லுமுன் நாக்கைச் சப்புக்கொட்டுவது எல்லாம் இருந்தது. கூடவே சீலிங் ஃபேன் இருந்தது. அடுக்களைக் குக்கர், புறவாசல் மயில், செங்கோட்டை ரயில். இவற்றையெல்லாம் மிஞ்சி ஆச்சி வெற்றிலை இடிக்கிற உரல். மைக் ஸ்டாண்டை மேசைமேல் வைத்திருந்தேன். அதே மேசையில்தான் ஆச்சி உரலை வைத்து இடிப்பாள். ஒவ்வோர் இடியும் மேசை வழியாக ஸ்டாண்டுக்கு ஏறி, பதிவில் யாரோ கதவை உடைப்பது மாதிரிக் கேட்டது. ஸ்டாண்டைத் தரைக்கு மாற்றி, அடியில் துண்டை மடித்து வைத்த பிறகு அது அடங்கியது. ஃபேன் அடங்கவில்லை. சித்திரை வெயிலில் 84 வயசு மனுஷிக்கு ஃபேனை நிறுத்து என்று சொல்ல எனக்குத் துணிச்சலும் இல்லை.

எங்கள் பக்கம் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவரிடம் போய் நின்றேன். கோயில் கொடை, கல்யாணம், கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் செட் போடுகிறவர்.

"மைக்க எவ்ளோ தூரத்துல வச்சிருக்க தம்பி?"

"ஒரு முழம் இருக்கும் அண்ணாச்சி."

"ஒரு முழத்துல வச்சா ஃபேனும் கூடச் சேர்ந்து பேசத்தான் செய்யும். மைக்கத் திங்கிற மாதிரி வச்சுப் பேசணும்லா."

அவர் கையில் கொடுத்தது ஷூர் எஸ்எம்58. 1966-இல் வந்த மாடல். கச்சேரி மேடைகளில் நீங்கள் பார்த்திருக்கும் அந்த உருண்டைத் தலை மைக்தான். இது டைனமிக் வகை. சவ்வோடு ஒட்டிய கம்பிச்சுருள் காந்தப்புலத்தில் அசைந்து மின்சாரம் உண்டாகும். பேன்டம் பவர் வேண்டாம்.

டைனமிக் மைக் சுற்றுச்சத்தத்தை ஒதுக்கிவிடும் என்று எல்லாரும் சொல்வார்கள். பாதிதான் உண்மை. இரண்டு மைக்கையும் ஒரே முழத்தில் வைத்துப் பார்த்தேன். குரல் ஒரே அளவுக்கு வரும்படி கெயினை, அதாவது சிக்னலைப் பெருக்கும் அளவை, சரிசெய்தால் ஃபேனும் ஏறக்குறைய அதே அளவுக்குத்தான் வந்தது. இரண்டுமே முன்பக்கத்தை அதிகம் கேட்கும் கார்டியாய்டு. எஸ்எம்58 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரைதான் பிடிக்கும், ஏடி2020 20,000 வரை போகும். அதனால் மேல்ஸ்தாயிச் சலசலப்பு கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. எஸ்எம்58-இன் உருண்டை வலைக்குள்ளேயே நுரை உண்டு. உதட்டுக்கு இரண்டு அங்குலத்தில் வைத்துப் பேசினாலும் தாங்கும். வாய் பக்கத்தில் வந்தால் கெயினைக் குறைக்கலாம், கெயின் குறைந்தால் ஃபேன் பின்னால் போய்விடும். தூரம் ஒவ்வொரு தடவை இரட்டிக்கும்போதும் குரல் சுமார் 6 டெசிபல் விழும். 2 அங்குலம், 4, 8, 16 என்று போனால் 18 டெசிபல் போச்சு. ஃபேன் இருந்த இடத்திலேயே அதே சத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும்.

வாங்கியதில் ஒரு கூத்து. வெளியில் ஒரு கடையில் நாலில் ஒரு பங்கு விலைக்குக் கிடைக்கிறது என்று ஆசைப்பட்டு ஒன்றை வாங்கிவிட்டேன். பெட்டி, எழுத்து எல்லாம் அசல் மாதிரியே. கையில் மட்டும் பஞ்சு. அசல் எஸ்எம்58-இன் எடை 298 கிராம். அடுக்களைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு திரும்பக் கொண்டுபோனேன். கடைக்காரர் முகம் மாறாமல் பணத்தைக் கொடுத்தார். அவருக்கு இது முதல் தடவை இல்லை போலும். நீங்களும் தராசோடு போகலாம், தப்பில்லை.

பிறகு வாங்கிய அசல் மைக் என் குரலுக்கு அமைந்துவிட்டது. கார்டியாய்டு மைக்கில் நெருங்கிப் பேசினால் கீழ்ச்சுருதி தானாகக் கூடும். என் கீச்சுக் குரலுக்கே திருநெல்வேலி வானொலி அறிவிப்பாளர் களை வந்தது. தமிழ் 'ப' ஆங்கிலத்து 'பி' அளவுக்கு மூச்சு வெடிக்காத எழுத்து. ஆனால் நம் ஊர்க்காரர்கள் அழுத்திப் பேசுகிற அழுத்தத்தில் 'புளிப்பு', 'பத்தமடைப் பாய்' எல்லாம் மைக்கில் தொப் தொப்பென்று விழும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கன்னத்துப் பக்கம் சாய்த்து வைத்தால் காற்று தாண்டிப் போய்விடும், குரல் மட்டும் படும். இன்னொன்று, இதன் சிக்னல் மெலிசு. ஒரே சத்தத்துக்கு ஏடி2020 14.1 மில்லிவோல்ட் தந்தால் இது 1.85 தான் தரும். சோலோவில் உள்ள 56 டெசிபல் கெயினில் முக்காலுக்கு மேல் திருப்பித்தான் பேசுகிறேன். மெதுவாகப் பேசுகிறவர் என்றால் அதுவும் இழுபறிதான்.

ஆச்சியிடம் இது எடுபடவே இல்லை. "என்னல இது, மூஞ்சிக்கு நேரா உலக்கைய நீட்டுத?" என்று தலையைப் பின்னால் இழுத்தாள். மைக்கை ஒரு அங்குலம் நகர்த்தினால் அவள் இரண்டு அங்குலம் நகர்வாள். கடைசியில் முழம் பழைய முழமாகவே நின்றது. அதைவிட மோசம், மைக்கைப் பார்த்ததும் பேச்சே மாறிவிட்டது. கதை சொல்கிற ஆச்சி போய், பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்கிற ஆச்சி வந்து உட்கார்ந்தாள். அந்த நாலு எபிசோடை இன்றைக்குக் கேட்டாலும் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

கடைசியில் கைகொடுத்தது இருப்பதிலேயே மலிவான போயா பிஒய்-எம்1. ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கினேன். சேலையில் குத்திக்கொள்ளும் காலர் மைக், 6 மீட்டர் ஒயர். எல்லாத் திசையும் கேட்கும் வகை. ஆனாலும் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் உட்கார்ந்திருப்பதால் முழம் தள்ளி நிற்கும் ஏடி2020-ஐவிட ஃபேன் குறைவாகவே கேட்டது. ஆச்சி மைக்கிடம் வரமாட்டாள், சரி, மைக் ஆச்சியிடம் போய்விட்டது. ஐந்து நிமிஷத்தில் அது இருப்பதையே மறந்துவிட்டாள். ஏடி2020-இல் கேட்ட அந்த நெருக்கமான நயம் இதில் வராது. குரல் கொஞ்சம் தட்டையாகத்தான் இருக்கும். இருக்கட்டும், கதை முழுசாக வந்துவிட்டதே.

பிரச்சினை பாம்படம். தலையை ஆட்டி ஆட்டிப் பேசுவாள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 'டிக்'. கழற்றி வைக்கச் சொன்னதற்கு, "இதக் கழத்திட்டு நான் எந்தக் கதையச் சொல்ல?" என்றாள். கேள்வி நியாயம்தான். தோளோரம் குத்தியிருந்த மைக்கை நெஞ்சுக்கு நடுவில், நாலு விரல் கீழே இறக்கினேன். தீர்ந்தது. கஞ்சி போட்ட சேலை சரசரப்பதற்கு, மைக்கைச் சுற்றி ஆஸ்பத்திரிப் பேப்பர் டேப் இரண்டு சுற்று. இதில் ஃபோனுக்கும் கேமராவுக்கும் மாற்றுகிற ஒரு ஸ்விட்ச் உண்டு. கேமராப் பக்கம் தள்ளியே வைத்தால் உள்ளே இருக்கும் எல்ஆர்44 பேட்டரி சும்மா கிடந்தே தீர்ந்துவிடும். எனக்கு மூன்று தடவை தீர்ந்தது. என் மறதி, மைக் என்ன செய்யும்?

ஆடி மாசம் தார்சாவில் (முன் தாழ்வாரம்) உட்கார்ந்து பதிவுசெய்ய வேண்டாம். கயத்தாறு, பணகுடிப் பக்கம் காற்றாலையைச் சுற்றுகிற காற்று உங்கள் மைக்கை மட்டும் விட்டுவைக்காது. கூட வரும் நுரை உறை போதவில்லை. பூனைவால் மாதிரி ரோமம் வைத்த உறை தனியாக வாங்கினேன். காற்று முட்டி ஒலி உடைந்துவிட்டால் அப்புறம் எந்தச் சாஃப்ட்வேரும் அதை ஒட்டவைக்காது.

அறையைப் பற்றி ஒன்று. சிவப்புச் சிமெண்ட் தரையும் வெறும் சுவரும் உள்ள பட்டாசலில் எந்த மைக்கும் குடத்துக்குள் பேசுகிற மாதிரித்தான் இருக்கும். எதிரொலியைக் குறைக்கச் சுவரில் பத்தமடைப் பாயைத் தொங்கவிட்டேன். பார்க்க அழகு, பலன் கிடையாது. அவ்வளவு மெல்லிய பாய் சத்தத்தை உறிஞ்சாது. கனத்த ஜமுக்காளம், மெத்தை, போர்வை இவைதான் உறிஞ்சும். பிறகு தெரிந்தது, ஆச்சி வீட்டு அரங்கு, அதாவது சாமான் வைக்கும் உள்ளறைதான் நல்ல ஸ்டூடியோ. ஜன்னல் கிடையாது, சுற்றிலும் நெல் மூடை, ஒரு பக்கம் மடித்த மெத்தைகள். உள்ளே கைதட்டினால் சத்தம் அங்கேயே செத்துவிழும். புழுக்கம் இருபது நிமிஷத்துக்கு மேல் தாங்காது, அதனால் அங்கே நான் மட்டும்தான். ஏடி2020-க்கு இப்போது அதுதான் வேலை: அரங்கில் ஃபேன் இல்லாமல், வியர்க்க வியர்க்க என் முன்னுரை. கேட்டால் காசு கொடுத்துப் போட்ட ஸ்டூடியோ என்பார்கள்.

ஒருதடவை கொடையில் வில்லுப்பாட்டு பதிவுசெய்தேன். குடத்தின் வாயில் மட்டையால் தட்டும்போது கிளம்பும் காற்று நேராக மைக்கில் அறையும். எஸ்எம்58-ஐக் குடத்து வாய்க்குப் பக்கவாட்டில் ஒரு சாண் தள்ளி வைத்த பிறகுதான் அது குடமாகக் கேட்டது.

பதிவுக்குப் பிறகு ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு சாஃப்ட்வேர்தான், இலவசம். 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுவேன், இரைச்சல் நீக்கத்தை மெலிசாகப் போடுவேன் (அதிகம் போட்டால் ஆச்சி தண்ணீருக்குள்ளிருந்து பேசுவாள்), ஒலி அளவை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ்-இல் (காதுக்குப் படும் சராசரிச் சத்தத்தை அளக்கும் அலகு) நிறுத்துவேன். ஒவ்வொரு பதிவிலும் முதல் பத்து விநாடி யாரும் பேசாமல் இருந்தால் இரைச்சலை நீக்க அந்தத் துண்டே சாம்பிளாகப் போதும். ஆச்சியைப் பத்து விநாடி பேசாமல் வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

மூன்று வருடத்தில் எஸ்எம்58 இரண்டு தடவை கீழே விழுந்து வலை நசுங்கியிருக்கிறது, குரலில் மாற்றம் இல்லை. வலையைக் கழற்றி உள்நுரையைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நன்றாகக் காயவைத்து மாட்டுவேன். வெற்றிலை வாசனை போக வேறு வழியில்லை. மைக்கை இன்டர்ஃபேஸோடு இணைக்கும் எக்ஸ்எல்ஆர் கேபிள் ஒன்று அறுந்து சவுண்ட் சர்வீஸ் அண்ணாச்சி பற்றவைத்துக் கொடுத்தார். ஏடி2020-க்கு ஈரம் ஆகாது என்பதால் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி போட்ட டப்பாவில் மேல்பரணில் இருக்கும். வெள்ளத்தில் தப்பியதும் அதனால்தான்.

இன்றைக்குப் புதிதாக ஆரம்பிக்கிறவர், தன் குரலை மட்டும் பதிவுசெய்கிறவர் என்றால் சாம்சன் க்யூ2யூ பார்க்கச் சொல்வேன். டைனமிக், யூஎஸ்பி, எக்ஸ்எல்ஆர் இரண்டும் ஒன்றிலேயே. இன்டர்ஃபேஸ் செலவு இப்போதைக்கு மிச்சம். தென்காசியில் இருக்கும் அத்தான் என் பேச்சைக் கேட்டு அதை வாங்கி எட்டு மாதமாகச் சந்தோஷமாக இருக்கிறார். எல்லா வீடியோவிலும் தெரிகிற ஷூர் எஸ்எம்7பி நல்ல மைக்தான், ஆனால் அதற்கு 60 டெசிபல் சுத்தமான கெயின் வேண்டும், விலையும் எஸ்எம்58-ஐப்போல் சில மடங்கு. வீட்டுப் பெரியவர்களைப் பதிவுசெய்யத்தான் மைக் என்றால், முதலில் ஒரு காலர் மைக் வாங்கி ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். உங்கள் ஃபோனில் ஹெட்ஃபோன் ஓட்டை இல்லையென்றால் மைக்கையும் கடத்துகிற டைப்-சி அடாப்டர்தானா என்று கேட்டு வாங்குங்கள். பாட்டுக் கேட்க மட்டும் உதவுகிறவை நிறைய.

போன ஞாயிற்றுக்கிழமை போனபோது ஆச்சியே மைக்கை எடுத்து, நெஞ்சுக்கு நடுவில், பாம்படம் படாத இடமாகப் பார்த்துக் குத்திக்கொண்டாள். "ஏல, சுச்சு சரியா இருக்கா பாரு" என்றாள். கேமராப் பக்கம்தான் இருந்தது.