.22 ரைஃபிள் குழல்: 16 அங்குல முறுக்கா, 9 அங்குல முறுக்கா?

சொந்தமாக ஒரு .22 ரைஃபிள் வாங்கப் போனபோது என்னை அதிகம் அலைக்கழித்தது குழலின் முறுக்குதான், அதாவது புல்லட்டைச் சுழற்ற குழலுக்குள் வெட்டியிருக்கும் சுருள் பள்ளம். கடைசியில் 16 வாங்கினேன். என்னைப் போல கும்பகோணத்திலிருந்து திருச்சிக்குப் போய் 50 மீட்டர் பயிற்சி எடுப்பவருக்கு அதுவே சரி என்பேன்.

புல்லட் ஒரு முழுச் சுற்றுச் சுற்ற குழலில் எத்தனை அங்குலம் ஓடுகிறது என்பதுதான் அந்த எண். எண் குறைந்தால் சுழற்சி கூடும்.

பலரும் புல்லட்டின் எடையைப் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது நீளம். குட்டைப் பம்பரம் சுமாரான சுழற்சியிலேயே நிற்கும், ஒல்லியாக உயர்ந்தது நிற்க வேகம் வேண்டும். தேவையான முறுக்கைக் கண்டுபிடிக்க கிரீன்ஹில் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் 1879-இல் சொன்ன கணக்கு இது: குறுக்களவின் வர்க்கத்தை 150-ஆல் பெருக்கி நீளத்தால் வகுக்கவும், எல்லாம் அங்குலத்தில். வழக்கமான 40 கிரெய்ன் (புல்லட் எடையின் அலகு) ஈயப் புல்லட்டுக்கு குறுக்களவு 0.224, நீளம் சுமார் 0.46. விடை 16-ஐ ஒட்டி வரும். 60 கிரெய்ன் புல்லட்டை ஒன்றரை மடங்கு நீளம் என்று வைத்தால் 11-க்கு இறங்கிவிடும். 16 அதற்குப் போதாது.

இதைக் கண்ணாலும் பார்த்தேன். பயிற்சிக்கு வந்த ஒருவர் 60 கிரெய்னை 16 குழலில் சுட்டார். அட்டையில் வட்டத் துளைகளே இல்லை. நெல்மணி போல நீண்ட கிழிசல்கள், ஆளுக்கொரு திசையில். புல்லட் குப்புறப் புரண்டு பக்கவாட்டில் போயிருக்கிறது. அதே ரவை 9 குழலில் ஒழுங்காகத் துளைத்தது.

அப்படியானால் 9 எதையும் சுடுமே என்று தோன்றும். சுடும்தான். ஆனால் எங்களுக்குக் கிடைப்பது 40 கிரெய்ன் ரவைதான், அதற்கு அவ்வளவு சுழற்சி தேவையில்லை. புல்லட்டின் எடை ஒரு பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தால்கூட, சுழற்சி கூடக்கூட அது விலகும் தூரமும் கூடும். பத்துப் புள்ளி வட்டமோ 10.4 மில்லிமீட்டர்தான். 9 குழலில் நான் சுட்டது இரண்டு பெட்டி, அதுவும் 50 மீட்டரில் மட்டும். அட்டையில் விழுந்த துளைகளின் கூட்டம் சற்று விரிந்தது. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

குளிர்காற்று அடர்த்தியானது, அதில் புல்லட்டின் நிலைப்பு குறையும். நம் பக்கத்து மார்கழிக்கு அந்தக் கவலை தேவையில்லை.

பழைய ரைஃபிள் வாங்குகிறீர்களா? குழல் காலி என்று உறுதி செய்துகொண்டு, கைப்பிடி சுழலும் துப்புரவுக் கம்பியில் இறுக்கமாகத் துணி சுற்றி உள்ளே விடுங்கள். கம்பியின் மேல்பக்கம் ஒரு கோடு போட்டு மெல்ல இழுங்கள். கோடு ஒரு சுற்றுச் சுற்றி மறுபடி மேலே வரும்வரை கம்பி நகர்ந்த தூரத்தை அளந்து பார்த்த பிறகு முன்பணம் கொடுங்கள்.