பில்லில் புது லைனர், ஏர் ஹோஸுக்குள் பேரிங் குண்டு: ட்ரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பெங்களூரில் பழைய லாரியை வைத்து ட்ரெய்லர் இழுக்கிறவர்கள், செகண்ட் ஹேண்டில் ஒரு ட்ரெய்லர் வாங்கலாமா என்று யோசிக்கிறவர்கள், தயவுசெய்து இதைக் கடைசிவரை படியுங்கள். பிரேக் வேலை என்று சொல்லி எங்களை ஒரு பட்டறையில் ஏமாற்றிவிட்டார்கள். பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். 20 டன் சரக்கோடு எங்கள் டிரைவர் தொப்பூர் கணவாயில் இறங்கப் போகிறார் என்று நன்றாகத் தெரிந்தேதான் வண்டியை அந்த நிலையில் வெளியே விட்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

வண்டி 2009 மாடல் லேலண்ட் ஹெட் (ட்ரெய்லரை முன்னால் இழுக்கும் லாரி). பின்னால் மூன்று ஆக்சில், 40 அடி பிளாட்பெட் ட்ரெய்லர். பீன்யாவிலிருந்து கோவை, ஈரோடு பக்கம் மெஷின் ஏற்றுவதுதான் எங்கள் பிழைப்பு. ட்ரெய்லரில் ஏர் லீக் இருக்கிறது, பிரேக்கும் முன்பு போல் பிடிப்பதில்லை என்று டிரைவர் சொன்னதும், துமகூரு ரோட்டில் நெலமங்களாவைத் தாண்டி ஒரு பட்டறையில் விட்டோம். அதை நடத்துகிறவர் சேலம் பக்கத்துக்காரர். பல வருடமாக அங்கே தொழில் செய்கிறார், நம்ம ஆட்கள் நிறையப் பேர் அவரிடம்தான் போவார்கள். "அண்ணே, இது உங்க வண்டி இல்ல, என் வண்டி. தூக்கிட்டுப் போய் எந்த மலையில வேணாலும் இறக்குங்க" என்றார்.

ஆறு சக்கரத்துக்கும் புது லைனர் (பிரேக் ஷூவின் மேல் இருந்து டிரம்மை உரசிப் பிடிக்கும் பட்டை), நான்கு புது சேம்பர் (காற்றழுத்தத்தால் பிரேக்கைத் தள்ளும் டப்பா), கேம் புஷ் (ஷூவை விரிக்கும் கேம் தண்டைத் தாங்கும் வளையம்), ஸ்லாக் அட்ஜஸ்டர் (சேம்பரின் தள்ளலைக் கேம் தண்டுக்குக் கொடுத்து, ஷூ இடைவெளியைச் சரிசெய்யும் நெம்புகோல்), கிங் பின் மாற்றியது, கூலி என்று எல்லாம் சேர்த்து ரூ. 1,18,000-க்கு பில் கொடுத்தார். டிரம், சேம்பர், ஆக்சில் எல்லாவற்றுக்கும் கறுப்பு பெயிண்ட் அடித்துப் பளபளவென்று வைத்திருந்தார். காலி ட்ரெய்லரோடு சர்வீஸ் ரோட்டில் ஓட்டி, பிரேக்கை மிதித்து, "பாத்தீங்களா, அடிச்சா அங்கயே நிக்குது" என்று காட்டினார். எஃப்.சி. (வண்டித் தகுதிச் சான்று) எடுக்கவும் பிரச்சினை வராது என்று உறுதி சொன்னார். எடை பற்றி டிரைவர் கேட்டதற்கு, "அதெல்லாம் கவர்மென்டே கூட்டிக் கொடுத்துடுச்சு தம்பி, தாராளமா ஏத்து" என்று பதில்.

இந்த எடை விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பல பட்டறைகளில் இதே பேச்சைக் கேட்கிறேன். 2018 ஜூலையில் மத்திய அரசு ஆக்சில் எடையைக் கூட்டியது உண்மை. நான்கு டயர் போட்ட ஒற்றை ஆக்சிலுக்கு 10.2 டன்னாக இருந்தது 11.5 ஆனது, ட்ரெய்லரின் மூன்று ஆக்சில் கூட்டத்துக்கு 24 டன் 27 ஆனது, மொத்த எடைக்கான உச்சவரம்பு 55 டன். ஆனால் அரசாணை வந்ததால் 2009-ல் செய்த டிரம்மின் அகலம் கூடிவிடாது. பழைய ஹெட்டின் பிரேக், சேஸிஸ், கிளட்ச் எல்லாம் அன்றைய எடைக்குக் கணக்குப் போட்டுச் செய்தவை.  அதனால் பழைய வண்டிக்கு ட்ரெய்லர் பிரேக் சரியாக இருப்பது புது வண்டியைவிட இரண்டு மடங்கு முக்கியம்.

சரி, நடந்ததற்கு வருகிறேன். பீன்யாவில் ஒரு பிரஸ் மெஷினை ஏற்றிக்கொண்டு எங்கள் டிரைவர் கோவைக்குக் கிளம்பினார். தர்மபுரிக்காரர், பதற்றப்படாத மனிதர். ஓசூர் தாண்டி, சூளகிரி தாண்டி, மேலுமலை இறக்கத்தில் பிரேக்கைத் தொட்டபோது ட்ரெய்லர் பின்னாலிருந்து ஹெட்டைத் தள்ளியிருக்கிறது. உடனே கியரைக் குறைத்து, எக்ஸாஸ்ட் பிரேக்கை (இன்ஜின் புகையை அடைத்து வேகம் குறைப்பது) போட்டு, ஊர்ந்தே இறங்கி, கிருஷ்ணகிரி டோலுக்கு முன்னால் ஓரங்கட்டிவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, ஹெட்டு மட்டும்தான் நிக்குது. பின்னாடி ஒண்ணுமே பிடிக்கல."

அவர் செய்த சோதனையைச் சொல்கிறேன், எல்லா டிரைவரும் தெரிந்துகொள்ள வேண்டியது. தண்ணீர் பாட்டிலில் விரலை நனைத்து ஒவ்வொரு டிரம் மேலும் நாலு சொட்டுத் தெளித்திருக்கிறார். ஹெட்டின் பின் சக்கர டிரம்மில் சொட்டு விழுந்ததும் சுர்ரென்று ஆவியாகிவிட்டது, லைனர் கருகும் வாடை வேறு. ட்ரெய்லரின் முதல் ஆக்சிலில் லேசான சூடு. நடு ஆக்சிலிலும் கடைசி ஆக்சிலிலும் தண்ணீர் அப்படியே வழிந்தது. இறக்கத்தில் இறங்கிய வண்டியில் டிரம் சில்லென்று இருந்தால் அந்தச் சக்கரம் பிரேக் பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். (பாட்டிலைக் கவிழ்த்து ஊற்றிவிடாதீர்கள், சூடான டிரம் விரிசல் விடும்.)

ஹெட், ட்ரெய்லர், சரக்கு எல்லாம் சேர்ந்து சுமார் 35 டன். அதில் பாதிக்கு மேல் ட்ரெய்லரின் மூன்று ஆக்சில் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. மூன்றில் இரண்டு பிடிக்கவில்லை என்றால் அந்த வேலை முழுக்க ஹெட்டின் டிரம்முக்குப் போகிறது. டிரம் சூடேறச் சூடேற விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனரின் பிடிப்பும் குறையும். அப்போது பெடலை எவ்வளவு மிதித்தாலும் பயன் இல்லை. மழை ஈரம் இருந்தால் இன்னும் மோசம்: ஹெட் நிற்கும், ட்ரெய்லர் நிற்காமல் தள்ளும், வண்டி நடுவில் மடங்கி ரோட்டை அடைத்துவிடும். தொப்பூரில் இறங்குகிற பஸ்களும் கார்களும் நம் வண்டிக்கு முன்னால்தான் போய்க்கொண்டிருக்கும். அங்கே போவதற்கு முன்பே டிரைவர் நிறுத்தியதால்தான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

கிருஷ்ணகிரியில் ஒரு மெக்கானிக்கைப் பிடித்து, நான் பஸ் ஏறிப் போய்ச் சேருவதற்குள் சக்கரங்களைக் கழற்றி வைத்திருந்தார்கள். நடு ஆக்சிலுக்குப் போகும் ஏர் ஹோஸின் யூனியனை என் கண்முன்னால் திறந்தார் அந்த மெக்கானிக். உள்ளேயிருந்து ஒரு பேரிங் குண்டு அவர் உள்ளங்கையில் விழுந்தது. மறுபக்கத்திலும் அதே போல் இன்னொன்று. சேம்பருக்குள் ரப்பர் டயஃப்ரம் கிழிந்து காற்று போகிறது. டயஃப்ரம்மை மாற்றாமல், காற்றே அங்கே போகாதபடி குண்டைப் போட்டு அடைத்துவிட்டார்கள். லீக் நின்றுவிடும், மீட்டரில் முள் ஏறும், வண்டிக்காரர் சந்தோஷமாகப் போவார். லாரித் தொழிலில் இதை டம்மி போடுவது என்பார்கள். புதிதாகச் சேம்பர் மாற்றியதாக நான்குக்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள், மாற்றியது ஒன்றுகூட இல்லை. பெயிண்ட்டைச் சுரண்டினால் பழைய துரு.

கடைசி ஆக்சிலில் ஸ்லாக் அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்தி வைத்திருந்தார்கள். கேம் புஷ் தேய்ந்து ஷூ உராய்வதால் சத்தம் வரக் கூடாது என்று இந்த வேலை. பார்க்கிங் பிரேக்குக்கான ஸ்பிரிங்கை அமுக்கிவைக்கும் நீள போல்ட்டை இரண்டு சேம்பரிலும் கழற்றவே இல்லை. அதாவது வண்டியை மேட்டில் நிறுத்தினால் ட்ரெய்லருக்குப் பார்க்கிங் பிரேக்கே கிடையாது. லைனர் இரண்டு சக்கரத்தில் மட்டும் புதிது, மற்றதில் பழையதையே தேய்த்துத் திருப்பி அடித்திருந்தார்கள்.

அப்புறம் கிங் பின். ஹெட்டையும் ட்ரெய்லரையும் இணைத்துப் பிடித்திருப்பது அந்த ஒரே ஒரு இரும்புத் தண்டுதான். ஹெட்டைக் கழற்றி, கிரீஸைத் துடைத்துவிட்டுப் பார்த்தால் வெல்டிங் தழும்பு. தேய்ந்த பின்னின் மேல் வெல்டிங் போட்டு, கிரைண்டர் பிடித்து, கிரீஸ் பூசி 'புது பின்' என்று பில் போட்டிருக்கிறார்கள். 2 அங்குல கிங் பின் பூட்டு பிடிக்கும் இடத்தில் புதிதாக 50.8 மி.மீ. இருக்கும். 49-க்குக் கீழே தேய்ந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான். வெர்னியர் வைத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் ஓர் அளவு, திருப்பி வைத்தால் வேறு அளவு. அது பதப்படுத்திய எஃகு. அதன் மேல் வெல்டிங் சூடு பட்டால் பதம் போய் விரிசல் விடும். அந்த விரிசல் வெளியே தெரியாது.

பெங்களூர் திரும்பி பட்டறைக்காரரிடம் கேட்டதற்கு அவர் சொன்ன முதல் வார்த்தை: "உங்க டிரைவர் நியூட்ரல்ல இறக்கியிருப்பான் அண்ணே." யார் உயிரோடு விளையாடினார்களோ அவர் மேலேயே பழி. நியூட்ரலில் இறக்கினால் ஹோஸுக்குள் பேரிங் குண்டு முளைக்குமா? கழற்றிய பழைய சாமானைக் காட்டுங்கள் என்றேன். ஸ்க்ராப்புக்குப் போய்விட்டது என்றார். கடைசியில் பத்தாயிரம் திருப்பித் தருவதாகச் சொன்னார். வாங்கவில்லை.

இனி வண்டியை வேலைக்கு விடுகிறவர்களுக்கு. காலி ட்ரெய்லரில் பிரேக் அடித்துக் காட்டுவதை யாரும் நம்பாதீர்கள். காலி வண்டியை ஹெட்டின் பிரேக்கே நிறுத்திவிடும், அதனால் எதுவும் தெரியாது. தெரிய வேண்டுமென்றால் இரண்டு பேர் போதும். சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவித்துவிட்டு, ஒவ்வொரு சேம்பரிலிருந்தும் வெளியே வரும் புஷ் ராடில் சேம்பர் வாயோரமாக சாக்பீஸால் கோடு போடுங்கள். காற்று நிறைந்ததும் ஒருவர் பெடலை அழுத்திப் பிடிக்கட்டும், இன்னொருவர் டேப் வைத்து அளக்கட்டும். டைப் 30 அளவுள்ள சாதாரண சேம்பர் என்றால் ராடு 2 அங்குலத்துக்கு மேல் வெளியே வரக் கூடாது. இடம் வலம் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் நகர வேண்டும். அசையவே அசையாத ராடு இருந்தால் உள்ளே டம்மி இருக்கிறது, அல்லது லைன் அடைத்திருக்கிறது. எங்கள் வண்டியில் பட்டறையிலேயே இதைச் செய்ய விட்டிருந்தால் ஒரே பார்வையில் பிடிபட்டிருக்கும். அந்த ஆள் யாரையும் அடியில் குனியவே விடவில்லை.

நின்ற இடத்திலேயே சிவப்பு ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். அது எமர்ஜென்சி லைன், காற்று போனால் ட்ரெய்லர் தானாகவே பிரேக் பிடித்துக்கொள்ள வேண்டும். மாட்டியபின் ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் போட்டு முதல் கியரில் மெல்ல இழுத்துப் பாருங்கள், ட்ரெய்லர் அசையக் கூடாது. சேம்பரின் பின்பக்கம் நீளமாக ஒரு போல்ட் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பார்க்கிங் ஸ்பிரிங் கட்டிப்போடப்பட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, கழற்றிய பழைய பாகம் கைக்கு வந்து சேரும்வரை பணத்தைக் கொடுக்காதீர்கள். டிரம், சேம்பருக்குப் பெயிண்ட் அடிக்கவே வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

கிருஷ்ணகிரி மெக்கானிக் என்ன கண்டார் என்பதை லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்கி, போட்டோ எடுத்து, குண்டு இரண்டையும் கவரில் போட்டு வைத்திருக்கிறோம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்தாயிற்று, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகிறோம். லாரி தொழில் வியாபாரம், நுகர்வோர் சட்டம் செல்லாது என்று பட்டறைக்காரர் மிரட்டிப் பார்த்தார். 2019 சட்டத்தில் வியாபார நோக்கத்துக்கு விலக்கு இருப்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தானே பயன்படுத்தும் பொருளை அந்த விலக்கில் சேர்க்கக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. எங்கள் குடும்பத்துக்கு இந்த ஒரு வண்டிதான், அதை வைத்தே வாதாடப் போகிறோம். புகார் கொடுக்க 2 வருட கெடு இருக்கிறது. அதே ரோட்டில் சமீபத்தில் ட்ரெய்லர் பிரேக் வேலை செய்தவர்கள் முதலில் போய் ராடுகளை அளந்து பாருங்கள். டம்மி கிடைத்தால் கழற்றும்போதே போட்டோ எடுத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள், சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.