தலையிடி என்றால் முதலில் ரியூப்பைப் பாருங்கள்

லண்டனிலிருந்து போய் மூன்று கிழமை மட்டக்களப்பில் நின்றேன். வாவிக் காற்று, அம்மாவின் நண்டுக்கறி எல்லாம் மனம் நிறைய. எழுத வைத்தது ஒரு இரவுதான்.

தம்பி தென்னையால் விழுந்து, நெஞ்சு மட்டத்தில் முள்ளந்தண்டு முறிந்தவன். சலம் போக அடிவயிற்றில் துளை போட்டு ரியூப் வைத்திருக்கிறார்கள். அன்று இரவு 9 மணிக்கு, "அக்கா, தலை வெடிக்குது" என்றான். முகம் சிவந்து, நெற்றியால் வியர்வை ஓடியது. ரியூப்பில் கொழுவிய வெளிப் பையில் ஒரு சொட்டும் இறங்கவில்லை.

ஓட்டோ பிடித்துக் கல்லடிப் பாலம் தாண்டி ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். பிரஷர் 190. அவனுக்கு வழக்கமாக 100 தான். இரண்டு பனடோல் கொடுத்துப் படுக்கச் சொன்னார்கள். படுக்க விடாதீர்கள், நிமிர்த்தி இருத்துங்கள், ரியூப் அடைத்திருக்கிறது என்று கெஞ்சினேன். "துண்டு போட்டிட்டு வாங்க, டொக்டர் வரட்டும்." 40 நிமிடம் போனது. நெஞ்சு முள்ளெலும்பில் 6 ஆவதிலோ அதற்கு மேலோ அடிபட்டவருக்கு வயிற்றுக்குள் சலப்பை (சிறுநீர்ப்பை) நிறைந்தால் பிரஷர் இப்படித்தான் ஏறும். விட்டால் மூளையில் இரத்தம் கசியலாம். லண்டனில் இதை எழுதிய அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார்கள், ரியூப் பெட்டியாக வீட்டுக்கே வருகிறது. இங்கே ஒரு 16 சைஸ் சிலிக்கன் ரியூப்புக்கு மச்சான் மூன்று பாமசி ஏறி இறங்கினான்.

மறுகா ஒரு வயதான மிஸ்ஸி (தாதி) வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. ரியூப்பை உள்ளே பிடித்து வைக்கிற பலூனின் தண்ணீரை சிரிஞ்சால் இழுத்து, பழைய ரியூப்பை எடுத்தார். நுனி முழுக்க முட்டைக்கோது மாதிரி உப்புப் படிந்திருந்தது. துளை சுருங்க முதல் அதே கையோடு புதியதைப் போட்டார். 900 மில்லி வந்தது. பத்து நிமிடத்தில் பிரஷர் 120. "அக்கா, தேத்தண்ணி" என்றான். நான் அழுதுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து அரசாங்க கிளினிக். விடிய நம்பர் எடுக்கிற கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் டொக்டர் கிளினிக் கொப்பியில் படம் கீறி அரை மணித்தியாலம் விளக்கினார். லண்டனில் எனக்கு யாரும் பத்து நிமிடத்துக்கு மேல் தந்ததில்லை. குடலில் ஒரு துண்டு எடுத்துச் சலப்பையைப் பெருப்பிக்கலாமாம். குடல்வாலைத் தொப்புளுக்குக் கொண்டுவந்து வாசல் வைத்தால், கதிரையில் இருந்தபடியே மெல்லிய குழாய் விட்டுத் தானே சலம் எடுக்கலாமாம். 1980 இல் மித்ரோஃபனோஃப் என்ற பிரெஞ்சு சத்திரசிகிச்சை நிபுணர் எழுதிய முறை அது. ஆனால் வாழ்நாள் முழுக்க நாளுக்கு நாலைந்து தரம் எடுக்க வேண்டும். குடல் சளி சுரக்கும், கழுவாவிட்டால் கல் பிடிக்கும். முதலில் சலப்பையின் அமுக்கத்தை அளக்க வேண்டும், அது கூடிக் கிடந்தால் பழுதாவது சிறுநீரகம். அமுக்கத்தைக் குறைக்க சலப்பைச் சுவரில் பொடொக்ஸ் ஊசியும் போடலாம், சில மாதத்துக்கொரு தரம்.

"கை ரெண்டும் நல்லாத்தானே இருக்கு, நான் செய்வன்" என்கிறான் தம்பி. அந்தப் படத்தைக் கொப்பியிலிருந்து கிழித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறான்.

நான் திரும்ப முதல் ஆறு ரியூப் வாங்கி அலுமாரியில் வைத்தேன். தமிழிலும் சிங்களத்திலும் ஒரு அட்டை எழுதி, அவன் கதிரையில் கட்டிவிட்டேன்.