பாடக்குறிப்பைப் பொதுவில் திறக்க எந்த வழி?

வடசென்னையில் வியாசர்பாடியிலும் தண்டையார்பேட்டையிலும் மாலை வகுப்பு எடுக்கும் ஆசிரியர்கள் தம் பாடக்குறிப்புகளை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட விரும்பினால், பதிப்புரிமைச் சட்டம் கல்விக்குத் தரும் விலக்கை நம்புவது, உரிமையாளரிடம் அனுமதி பெறுவது, பிறர் பொருளை நீக்கிப் புதிதாக ஆக்குவது என மூன்று வழிகள் உள்ளன.

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பித்தலின்போது ஆசிரியரும் மாணவரும் படியெடுப்பதை மீறலாகக் கொள்வதில்லை. தில்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016இல் தில்லி உயர் நீதிமன்றம் இவ்விலக்குக்குத் தாராளமாகவே பொருள் கொண்டது. ஆனால் அங்கே பேசப்பட்டது மாணவர்களுக்காக நூல்களிலிருந்து படியெடுத்த பாடத் தொகுப்பு. யாரும் இறக்கிக்கொள்ளும் பக்கத்துக்கும் அது பொருந்தும் என்று துணிந்து இறங்குவது தகாது. அதைவிட முக்கியமாக, விலக்கின்பேரில் சேர்த்த படத்துக்குப் பிறருக்கு உரிமம் தர நமக்கு அதிகாரமில்லை.

அனுமதி என்பது எழுத்தில் இருக்க வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே சட்டம் கொள்ளும். “தாராளமா போட்டுக்கோங்க சார்” என்ற தொலைபேசிச் சொல் போதாது.

நான் மூன்றாம் வழியின் பக்கம். எண்ணூர் கழிமுகம் பற்றிய ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம்: நாளிதழ் வரைபடம், பாடநூல் அட்டவணை, இணையத்தில் எடுத்த அலையாத்திப் படம். தகவலுக்குப் பதிப்புரிமை இல்லை, அதைச் சொன்ன விதத்துக்கே உண்டு என்பதால், அட்டவணையை நம் தேவைக்கேற்ப வேறு அமைப்பில் எழுதலாம். வரைபடத்தை, தன்னார்வலர்கள் ஆக்கும் திறந்த இணைய வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து, மூலத்தைக் குறிப்பிட்டுப் பெறலாம். அலையாத்தியை மாணவரே கைபேசியில் எடுத்துத் தரலாம். அப்படத்தின் உரிமை அவருடையது, ஆகவே அவரிடமும் எழுதி வாங்குவதே முறை.

உரிமத் தேர்வில்தான் பலர் தடுமாறுகிறார்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் என்பது, ஆக்கியவர் தம் ஆக்கத்தைப் பிறர் பயன்படுத்த நிபந்தனையோடு முன்கூட்டியே அனுமதிக்கும் பொது உரிமங்களின் தொகுதி. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தின் திறந்த பாடங்கள் அவற்றுள் வணிகப் பயன்பாட்டைத் தடுக்கும் உரிமத்தில் உள்ளன; தமிழ் விக்கிப்பீடியாவின் உரிமம் வணிகப் பயன்பாட்டைத் தடுப்பதில்லை, ஆக்கியவரைக் குறிப்பிட்டு அதே உரிமத்தில் பகிர வேண்டும் என்று மட்டும் கேட்கிறது. இரண்டிலிருந்தும் எடுத்து ஒரே பாடமாக இழைத்தால் எந்த உரிமத்திலும் வெளியிட இயலாது. கட்டணம் வாங்கும் சிறு டியூஷன் நிலையங்களும் தயக்கமின்றிப் பயன்படுத்த வேண்டும் என்பதால், விக்கிப்பீடியாவின் உரிமமே வடசென்னைக்குப் பொருத்தம் என்று உறுதியாகச் சொல்வேன்.

கல்லூரி ஊழியராக இருப்பவர், பணியின் பகுதியாக எழுதிய குறிப்புக்கு நிர்வாகமே முதல் உரிமையாளராகலாம் என்பதை மறக்காமல், வெளியிடும் முன்பே எழுத்துமூல ஒப்புதல் பெற வேண்டும்.