ஏழு வருடம், ஒரே அம்ப்: கடையில் நான் கேட்காமல் விட்ட கேள்விகள்

2018 இல் இந்த அம்ப்பை, அதாவது பாட்டைப் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பும் அம்ப்ளிஃபையரை, வாங்குவதற்கு முன் நான் கீறிய அட்டவணை இன்னும் ஒரு சீஆர் கொப்பியில் இருக்கிறது. எத்தனை வாட், எத்தனை சதவீதம் திரிபு, இரைச்சல் எவ்வளவு, ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி (ஒரே வாட்டுக்கு அது தரும் சத்தம்) எவ்வளவு என்று நாலு நிரல். மூன்று மொடல்களை அதில் மோதவிட்டு, ஒன்றில் திரிபு 0.02, மற்றதில் 0.04 என்று இரண்டு இரவு நித்திரை கெட்டேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, சீலிங் ஃபேன் மூன்றில் சுற்ற, வெளியே கரையோர ரயில் ஹோர்ன் அடித்துக்கொண்டு போக, முதல் பாட்டைப் போட்டபோதே அந்த 0.02 செத்துவிட்டது.

வீடு வெள்ளவத்தையில். காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் ஒரு தொடர்மாடி, மூன்றாம் மாடி. சாமான் என்று பார்த்தால் ஜப்பான் கம்பனி ஒன்றின் 60 வாட் இரு சனல் அம்ப், மேசையில் வைக்கும் அளவான சிறிய ஸ்பீக்கர் ஒரு சோடி, பிறகு டொரன்டோவிலிருந்து மச்சான் கொண்டுவந்து தந்த வயர்லெஸ் ஸ்பீக்கர். இடையில் தாழ்ந்த சுருதிக்கென்றே உள்ள சப்வூஃபர் ஒன்றும் வந்து போனது. பெயர்களைப் போடவில்லை. அந்த மொடல்கள் இப்போது கடையில் கிடைக்காது. குறையும் சொல்லப்போகிறேன், எதற்கு வம்பு.

சத்தம் எப்படி என்று கேட்பவர்களுக்கு: நன்றாக இருக்கிறது. அதற்கு மேல் அதில் எழுத ஒன்றுமில்லை. வாட் கணக்கைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். 60 வாட்டிலிருந்து 120 க்குப் போனால் சத்தம் இரட்டிப்பாகும் என்று கடையில் சொன்னார்கள். உண்மையில் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்குக் கொஞ்சம் கூடினது போலத் தெரியும். சென்சிடிவிட்டி 86 டெசிபல் உள்ள ஸ்பீக்கருக்குப் பதிலாக 89 உள்ளதை எடுத்தால் அதே 3 டெசிபல் அம்ப்புக்கு மேலதிகமாக ஒரு சதம் போடாமலே வந்துவிடும். இரவில் நான் கேட்கும் அளவுக்கு ஒரு வாட்டே தாராளம்.

கடையில் கேட்டுப் பார்த்தது பம்பலப்பிட்டியில். கீழே கார்ப்பெட், சுவரில் தடித்த திரை, ஏசி. அங்கே தேனாக இருந்த குரல் எங்கள் ஹோலில் தகரமாக வந்தது. எங்கள் தரை டைல்ஸ், சுவர் கொங்கிறீட், கைதட்டினால் ஓசை திரும்பி வந்து விசாரிக்கும். பாடகி ‘ச’ சொல்லும் இடமெல்லாம் சீறல். விலைகூடிய வயர் போடுங்கள் என்று ஒருவர் சொன்னார், நல்லவேளை காசு இருக்கவில்லை. ஒரு தரைவிரிப்பும், புத்தக அலுமாரியை எதிர்ச் சுவருக்கு நகர்த்தியதும் முக்கால்வாசி குணமாக்கின. ஆனால் கொழும்புக் காற்றில் தரைவிரிப்பு என்றால் பூஞ்சணம். மாதத்துக்கு ஒரு தடவை அதை மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போய் வெயில் காட்டும் வேலை எந்த அட்டவணையிலும் இல்லை.

அப்புறம் சப்வூஃபர். வாங்கி இரண்டாம் கிழமை, படியில் கீழ் வீட்டு அன்ரி மறித்தார்.

“தம்பி, நீங்கள் பாட்டுப் போடுறது எனக்குப் பிரச்சினை இல்லை. ஆனா எனக்குப் பாட்டு வரேல்லை, டும் டும் மட்டும்தான் வருது. பாட்டையும் சேர்த்து அனுப்புங்கோ.”

அவர் சொன்னதுதான் பௌதிகமும். குரலையும் வயலினையும் சுவரும் கதவும் ஓரளவு மறிக்கும். தாழ்ந்த சுருதி தரையைப் பிடித்து அதிரவைத்துக்கொண்டு தட்டு வழியாகக் கீழே இறங்கிவிடும். ரப்பர் கால் போட்டேன், கருங்கல் பலகை வைத்தேன், மூலையிலிருந்து நகர்த்தினேன். ஐந்தாம் மாதம் நட்டத்துக்கு விற்றேன். தொடர்மாடியில் இருப்பவர் சப்வூஃபர் வாங்குமுன் கீழே யார் இருக்கிறார்கள், எத்தனை மணிக்குப் படுப்பார்கள் என்று பார்த்துக்கொள்வது நல்லது.

இனி, ஏழு வருடத்தில் எனக்கு அதிகம் பாடம் எடுத்த விஷயம்: கடல்.

2021 தொடக்கத்தில் இடது சனல் ஒளித்து விளையாடத் தொடங்கியது. இரவில் மெதுவாகக் கேட்டால் இடது பக்கம் ஊமை. குமிழைத் திருகிச் சத்தத்தைக் கூட்டினால் ‘டப்’ என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமே நடக்காதது போலப் பாடும். வயரை மாற்றினேன், ஸ்பீக்கரை இடம் மாற்றினேன், போனைக் குற்றம் சொன்னேன். கடைசியில் அம்ப்பை ஒரு பெட்சீற்றில் சுற்றி ஓட்டோவில் ஏற்றிப் புறக்கோட்டைக்குப் போனேன். முதலாம் குறுக்குத் தெருவுக்குக் கிட்ட, ஒடுங்கிய படி ஒன்று ஏறினால் ஒரு நானா இருந்து செற் திருத்துகிறார்.

நானா அம்ப்பை இயக்கிக்கூடப் பார்க்கவில்லை. மூடியின் திருகாணிகளை விரலால் தடவிவிட்டு, “தம்பி, இது வெள்ளவத்தையா, தெஹிவளையா?” என்று கேட்டார். திருகாணித் தலைகளில் மண்ணிறமாகத் துரு. கடல் பக்கத்துச் சாமானை அவர் அப்படித்தான் அடையாளம் பிடிப்பாராம். மூடியைக் கழற்றி, பின்பக்கத்தில் ஸ்பீக்கர் வயர் பூட்டும் இடத்துக்கு அருகே தீப்பெட்டியை விடச் சின்னதாக ஒரு பெட்டியைக் காட்டினார். ரிலே. அம்ப்பைப் போட்டுச் சில வினாடி கழித்துக் கேட்கும் அந்த ‘டிக்’ இதன் சத்தம்தான். அதற்குள் இரண்டு உலோகப் பொட்டுகள் ஒன்றையொன்று தொடும்போதுதான் பாட்டு ஸ்பீக்கருக்குப் போகும். வெள்ளியாக மின்ன வேண்டிய பொட்டுகள் அடுப்படிக் கரியாக இருந்தன.

“சத்தம் கூட்டினா கரண்ட் கூடப் போகும், இந்தக் கறையை உடைச்சுக்கொண்டு போயிரும். குறைச்சா உடைக்கப் பெலன் இல்ல, நின்டுரும்.”

வெள்ளைக் கடதாசியில் ஒரு கீலம் கிழித்து, கிளீனரில் நனைத்து, பொட்டுகளுக்கு இடையில் வைத்து இழுத்தார். கடதாசியில் கறுப்புக் கோடு விழுந்தது. சுத்தம் செய்தால் சில மாதம் போகும், மாற்றினால் சில வருடம் போகும் என்றார். மாற்றச் சொன்னேன். அதே தெருவில் ஒரு பையனை அனுப்பி 24 வோல்ட் ரிலே ஒன்று எடுப்பித்தார். கூலியும் சேர்த்து, இரண்டு பேர் மத்தியானம் சோறு சாப்பிடும் காசு.

காத்திருக்கும்போது அவருடைய மேசையில் இன்னொன்று கிடந்தது. அழகான, மெல்லிய, புதுமாதிரிச் செற். திருகாணி ஒன்றுகூட வெளியே தெரியாது. எல்லாம் பசை. கஷ்டப்பட்டுப் பிரித்தால் உள்ளே ஒரே பலகை, எல்லாம் கடுகளவு. “இதைத் திறக்கவே ஒரு மணித்தியாலம். திறந்தாப் பிறகு போட ஒண்டும் இங்க இல்ல.” அன்றைக்குத்தான் என் சீஆர் கொப்பியில் ஐந்தாவது நிரல் ஒன்றைக் கீறினேன்: திருகாணி. இப்போது யாராவது என்னோடு கடைக்கு வந்தால் முதலில் பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்க்கிறேன். விற்பனைப் பிள்ளைகள் சிரிப்பார்கள்.

2023 இல் மறுபடி போனேன். இந்த முறை காற்றுத் துளை வழியாக உள்ளே போன பல்லி. அதன் முடிவைப் பற்றி விவரிக்கவில்லை, ஃபியூஸோடு போயிற்று. பின்னர் துளைகளுக்கு உள்பக்கம் நுளம்பு வலைத் துண்டு ஒட்டலாமா என்று கேட்டேன். ஒட்டினால் சூடு வெளியேறாது, உள்ளே மின்னேற்றத்தைத் தேக்கும் கண்டென்சர்கள் சீக்கிரம் காயும் என்றார். அவற்றுக்குப் பத்து பாகை சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது ஒரு பொதுக் கணக்கு. எனவே அலுமாரியை விட்டு வெளியே எடுத்து, மேலே ஒரு சாண் இடம் விட்டு வைத்திருக்கிறேன். பல்லி அதன் சொந்தப் பொறுப்பில் வரட்டும்.

ஸ்பீக்கரில் பார்க்க வேண்டியது கூம்பைச் சுற்றியுள்ள வளையம். கொட்டாஞ்சேனை மாமா எண்பதுகளில் சவூதியிலிருந்து கொண்டுவந்த பெரிய ஸ்பீக்கர் சோடி ஒன்று வைத்திருந்தார், எங்கள் சின்ன வயதில் அதைத் தொட விடமாட்டார். சில வருடங்களுக்கு முன் முன்பக்கத் துணியைக் கழற்றி வளையத்தை விரலால் தொட்டேன். விபூதி மாதிரிக் கையோடு வந்தது. அந்தக் கால ஃபோம் வளையங்கள் ஈரக் காற்றில் தாமாக உக்கிப்போகும், பாவித்தாலும் பாவிக்காவிட்டாலும். ரப்பர் வளையம் எங்கள் காலநிலைக்குத் தாங்கும். என்னுடையது ரப்பர், ஏழு வருடத்தில் ஒரு வெடிப்பும் இல்லை. அது என் கெட்டித்தனம் இல்லை, தற்செயல்.

கரண்ட் பற்றி எழுதாமல் கொழும்பில் எந்த மின்சாமானைப் பற்றியும் எழுத முடியாது. 2022 மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை போனது. கரண்ட் போவதால் அம்ப் பழுதாகாது. அது திரும்பி வரும் அந்த நொடிதான் பயம். எங்கள் கட்டிடத்தில் இரண்டு வீட்டில் டிவி போயிற்று. என் அம்ப்பின் முன்பக்கத்தில் அமுக்கினால் ‘டக்’ என்று உள்ளே போகும் பழைய மாதிரி சுவிட்ச் இருக்கிறது. அணைத்தால் உண்மையாகவே அணையும். வயர்லெஸ் ஸ்பீக்கருக்கு அப்படி ஒன்று இல்லை, எந்நேரமும் அரைத் தூக்கத்தில் கரண்டில் தொங்கிக்கொண்டிருக்கும், நாமாகப் பிளக்கைக் கழற்ற வேண்டும். அந்த நாட்களில் அவசரத்துக்கு ஒரு மலிவு இன்வேர்ட்டரும் வாங்கினேன். அதில் போட்டதும் அம்ப்பின் ட்ரான்ஸ்ஃபோமர் குளவிக்கூடு மாதிரி இரைந்தது. மலிவானவை தருவது சதுரமாக வெட்டிய அலை. சுத்தமான சைன் அலை தருபவை விலை கூட. ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர இடி முழக்கத்துக்குப் பிளக்கோடு ஏரியல் வயரையும் கழற்றிவிடுவேன். உத்தரவாதப் பத்திரத்தில் மின்னலும் வோல்ட் ஏற்ற இறக்கமும் சேராது என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். எனக்கு விற்ற கடையே நெருக்கடியில் மூடிவிட்டது, எனவே பெரிய எழுத்தும் உதவவில்லை.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் சாமான் தனிக்கதை. மச்சான் ஒருமுறை இசைத்தட்டுச் சுழற்றி ஒன்று கொண்டுவரவா என்று கேட்டார். கனடாவில் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230, 50. வோல்ட்டை ஒரு ட்ரான்ஸ்ஃபோமர் போட்டு இறக்கலாம். ஆனால் அந்தப் பழைய மொடலின் மோட்டர் ஹேர்ட்ஸை, அதாவது கரண்ட் வினாடிக்கு எத்தனை தடவை அலைகிறது என்பதை, பிடித்துச் சுற்றுவது; இங்கே ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் ஓடும். பெண் குரல் ஆண் குரலாகிவிடும். வேண்டாம் என்று சொன்னதில் அவருக்குக் கொஞ்சம் மனவருத்தம். வயர்லெஸ் ஸ்பீக்கருக்கு அந்தப் பிரச்சினை இல்லை, அதன் அடப்டர் 100 முதல் 240 வரை எதையும் ஏற்கும். அதற்கு வேறு நோய் வந்தது: நாலாம் வருடம் அதன் செயலி என் போனில் வேலை செய்ய மறுத்தது. வைஃபை, வானொலி எல்லாம் அந்தச் செயலிக்குள் இருந்தன. இப்போது வெறும் புளூடூத் பெட்டியாகக் குசினியில் இருக்கிறது. துரு இல்லை, கறை இல்லை, ஒரு பாகமும் பழுதில்லை. நானாவிடம் கொண்டுபோகவும் முடியாது.

விலையைப் பற்றிச் சுருக்கமாக: 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஐத் தொட்டது. நண்பன் ஒருவன் என் பழைய அம்ப்புக்கு நான் வாங்கின விலையை விடக் கூடத் தருகிறேன் என்று வந்தான். பெட்டியும் பில்லும் பத்திரமாக வைத்திருந்ததால்தான் அந்த விலை. கொடுத்திருப்பேன், அம்மா விடவில்லை.

அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. விடிய ஐந்தரைக்கு எழும்பி, தேத்தண்ணி போடுமுன் வானொலியில் பக்திப் பாட்டுப் போட வேண்டும். வயர்லெஸ் ஸ்பீக்கர் வந்த புதிதில், “உன்ர போன் இல்லாமல் எனக்கு முருகனும் இல்லையோ?” என்று கேட்டார். அம்ப்பில் அந்தச் சிக்கல் இல்லை. சுவிட்சை அமுக்க வேண்டும், குமிழைத் திருக வேண்டும். கண்ணாடி போடாமல் குமிழின் கோடு தெரியவில்லை என்று, தங்கச்சியின் சிவப்புக் கியூட்டெக்ஸை எடுத்து, விளிம்பில் ஒரு பொட்டும் அதற்கு நேரே பெட்டியில் ஒரு பொட்டும் வைத்துவிட்டார். இரண்டு பொட்டும் சேர்ந்தால் காலைச் சத்தம். நான் பார்த்தபோது காய்ந்துவிட்டது. விற்கும் விலையில் கொஞ்சம் குறைந்திருக்கும்.

போன வருடம் கீழ் வீட்டு அன்ரிக்குப் பேரப்பிள்ளை பிறந்தது. இப்போது பெட்டியில் முதல் பொட்டுக்கு இடப்பக்கம், ஒரு விரலளவு தள்ளி, இன்னொரு பொட்டு இருக்கிறது.