பிக் பாஸ் வீடு, சரிகமப மேடை, உதவிக் காணொளி: வன்னியிலிருந்து ஒரு பழமைவாதியின் அலசல்

வட இலங்கையின் வன்னியில் இன்று ஒருவர் உலகறியப் பெயர் எடுப்பதற்கு மூன்று வாசல்கள் திறந்திருக்கின்றன. ஒன்று சென்னையில் கட்டப்பட்ட பிக் பாஸ் வீடு. மற்றது அதே சென்னையின் சரிகமப என்ற பாட்டுப் போட்டி மேடை. மூன்றாவது, விசாவோ விமானச்சீட்டோ கேட்காமல் நம் ஒழுங்கைக்குள்ளேயே வந்து நின்று, ஏழை வீடுகளுக்கு உதவி கொடுப்பதைப் படமெடுக்கும் யூரியூப் கமரா. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பரந்தனிலும் முள்ளியவளையிலும் நெடுங்கேணியிலும் எந்த வீட்டுக்குப் போனாலும், தொலைக்காட்சியிலோ கைத்தொலைபேசியிலோ இம்மூன்றில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும்.

நான் பழமைவாதி என்று பெயரெடுத்தவன், அதை மறுக்கப்போவதுமில்லை. ஆனால் நடிகையின் உடுப்பு முழங்காலுக்கு மேலே நின்றதா கீழே நின்றதா என்று அளக்கும் பழமைவாதத்தில் எனக்கு அக்கறை குறைவு. வீட்டுக்குள் இருக்கவேண்டியதில் எவ்வளவு வெளியே போகிறது, அதைக் கொடுப்பவர் தெரிந்துதான் கொடுக்கிறாரா, ஈடாக அவர் கையில் என்ன மிஞ்சுகிறது என்ற கேள்விகளை வைத்தே இம்மூன்றையும் ஒப்பிட விரும்புகிறேன்.

பிக் பாஸ் 2017 ஜூனில் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கியது. ஏழு பருவங்கள் கமல்ஹாசன் நடத்தினார். 2024 ஒக்டோபரில் விஜய் சேதுபதி அந்த இடத்துக்கு வந்தார். நெதர்லாந்தில் 1999 இல் பிறந்த ஒரு நிகழ்ச்சியின் தமிழ் வார்ப்பு அது. வெளியுலகத் தொடர்பை அறுத்து, பதினைந்து இருபது பேரைக் கிட்டத்தட்ட நூறு நாட்கள் ஒரே கூரையின் கீழ் அடைத்துவைத்து, அவர்கள் சண்டை பிடிப்பதையும் சேருவதையும் நாடே பார்த்துக்கொண்டிருப்பதுதான் அதன் சாரம். 2019 இல் நடந்த மூன்றாம் பருவத்தில், கிளிநொச்சியைப் பிறப்பிடமாகக் கொண்டவரும் இங்கே செய்தி வாசிப்பாளராக இருந்தவருமான லொஸ்லியா உள்ளே போனார். அதற்கு முன் அந்தப் பக்கமே திரும்பிப் பார்த்திராத வன்னி வீடுகளும் அந்த ஆண்டு பார்த்தன, ஏனென்றால் நம் ஊர்ப் பேச்சு அங்கே கேட்டது.

அந்தப் பருவத்தில் என் மனதை விட்டு அகலாத ஒரு காட்சி உண்டு. போட்டியாளர்களின் குடும்பத்தவர் உள்ளே வரும் வாரத்தில், கனடாவில் உழைத்துக்கொண்டிருந்த லொஸ்லியாவின் தகப்பனாரும் வந்தார். தகப்பனும் மகளும் பத்து ஆண்டுகளாக நேரில் காணாதவர்கள். மகள் கதறி அழுதார். தகப்பனோ, வீட்டுக்குள் மகள் நடந்துகொண்ட விதம் பற்றிக் கண்டித்துப் பேசினார். வெளிநாட்டில் ஒருவர், ஊரில் மற்றவர் என்று பத்தும் பதினைந்தும் ஆண்டுகள் பிரிந்திருப்பது என்னவென்று நம்மவருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அப்படிப்பட்ட ஒரு சந்திப்பு நடக்கவேண்டிய இடம் வீட்டு விறாந்தை. அல்லது, அதற்கு வழியில்லையென்றால், விமான நிலையத்தின் வாசல். அது விளம்பர இடைவேளைகளுக்கு நடுவே நடந்தது. தகப்பன் கண்டித்தது சரிதான் என்று என் வயதினர் பலர் அன்று மகிழ்ந்தார்கள். எனக்கு மகிழ மனம் வரவில்லை. கண்டிக்கும் உரிமை அவருக்கு உண்டு. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உரிமை நமக்கு இல்லை.

இருந்தும் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். லொஸ்லியா விபரம் தெரிந்த வயதில், கமரா என்றால் என்னவென்று தொழிலாலேயே அறிந்தவராக, ஒப்பந்தம் போட்டுத்தான் உள்ளே போனார். மூன்றாம் இடத்தில் வெளியே வந்தார். பின்னர் தமிழ்ப் படங்களில் நடித்தார். விற்றது இன்னது, வாங்கியது இன்னது என்று அவரால் கணக்குச் சொல்லமுடியும். எனக்குப் பிடிக்காத வியாபாரம்தான், ஆனால் வியாபாரம் என்று தெரிந்தே செய்யப்பட்ட வியாபாரம்.

சரிகமப இதைவிட உயர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. அங்கே சுருதி விலகினால் அழுது ஈடுசெய்ய முடியாது. 2023 டிசம்பரில் ஜீ தமிழின் சிறுவர் பருவத்தில் யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா முதலிடம் பெற்றபோது, அரியாலை, வன்னிக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் இடையிலுள்ள ஆனையிறவுக்கு அப்பால் இருக்கிறது என்பதை வன்னியில் யாரும் நினைவுபடுத்தவில்லை. அந்தப் பிள்ளை கொண்டுபோனது ஆண்டுக்கணக்கில் பயின்ற குரலை. பெற்றோர் பிள்ளையைச் சங்கீத வகுப்புக்கு அனுப்புவதற்கு அது காரணமானால், பிக் பாஸ் நூறு பருவம் ஓடினாலும் தரமுடியாத நன்மை அது. இங்கே அதற்கான ஏணி ஏற்கெனவே இருக்கிறது: வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகள் தரம் தரமாக ஏறி, ஆசிரியர் தரத்தையும் கலாவித்தகர் பட்டத்தையும் தொடுகின்றன. அந்த ஏணியில் ஏறுவதற்கு வன்னியின் உட்கிராமத்துப் பிள்ளை பஸ்ஸுக்குக் காத்து நின்று பட்டணத்துக்குப் போகவேண்டியிருக்கிறது என்பது வேறு கதை.

சரிகமபவிலும் எனக்கு இரண்டு மனத்தாங்கல்கள் உண்டு. பாட்டுக்கு முன்னால் ஒரு கதை வைக்கிறார்கள். இலங்கையிலிருந்து போகும் பிள்ளையென்றால் அந்தக் கதை போரும் இழப்புமாகத்தான் இருக்கும். பின்னணியில் வயலின் இழையும், நடுவர் கண்ணைத் துடைப்பார், கமரா பார்வையாளர் வரிசையில் ஈரக் கண்களைத் தேடும். பிள்ளையின் பாட்டு தன் காலிலேயே நிற்கக்கூடியதாயிருக்க, ஊரின் துக்கத்தை ஊன்றுகோலாகக் கொடுப்பானேன்? மற்றது, அங்கே பாடப்படுவது பெரும்பாலும் சினிமாப் பாட்டு. நம் பிள்ளை வென்றாலும், வென்ற பாட்டு சென்னையில் பிறந்ததாகவே இருக்கிறது. இவை குறைகள்தான், எனினும் பிள்ளை கையில் ஒரு கலையோடு வீடு திரும்புகிறது.

இந்தியப் பிரபலங்கள் இங்கே வந்து நடத்தும் நட்சத்திர இரவுகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2024 பெப்ரவரியில் யாழ்ப்பாணம் முற்றவெளியில் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி நடந்தபோது சனம் தடுப்புகளை உடைத்துக்கொண்டு உள்ளே புகுந்து, நிகழ்ச்சி இடையில் நின்று, ஊர் மானம் போய்விட்டது என்று ஒரு கிழமை எழுதித் தள்ளினார்கள். ஒழுங்கில்லாத கூட்டம் வெட்கத்துக்குரியதுதான். ஆனால் அங்கே போனவர் பார்க்கப் போனவர், பார்க்கப்படப் போனவரல்ல. அவருடைய வீட்டுக் கதவை யாரும் திறக்கவில்லை. எனக்கு அதில் பெரிய கோபம் கிடையாது.

என் கோபம் முழுவதும் மூன்றாவது வாசலுக்கு முன்னால்தான் நிற்கிறது. பிக் பாஸைத் திட்டுவது பழமைவாதிக்கு எளிது. சேலையை இழுத்துப் போர்த்திய ஏழைத் தாய் வரும் உதவிக் காணொளியைத் திட்டுவதுதான் கடினம், ஏனென்றால் அது தருமம் என்ற பெயரில் வருகிறது. அந்தக் காணொளிகளில் பத்தைப் பார்த்தால் நூறைப் பார்த்த மாதிரி. கமரா ஒழுங்கையால் நடந்து வரும். முதலில் தகரக் கூரையின் ஓட்டை, பிறகு தறப்பாள் சுவர், பிறகு குசினிக்குள் புகுந்து பானையின் மூடியைத் திறந்து உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டும். "காலமை என்னம்மா சாப்பிட்டனீங்கள்?" என்ற கேள்வி. பதில் வரச் சற்றுச் சுணங்கினால், அந்தச் சுணக்கத்தை வெட்டமாட்டார்கள். அதுதான் அவர்களுக்குத் தேவை. புருஷன் எங்கே, எப்போது விட்டுப் போனவர், ஏன் போனவர் என்று, பக்கத்து வீட்டுக்காரி கேட்கக் கூசும் கேள்விகள் தொடரும். இறுதியில் அரிசி, மா, சீனி, பருப்பு நிறைந்த பைகள் இறக்கப்படும். சுவிஸிலோ இலண்டனிலோ இருக்கும் ஒரு குடும்பத்தின் பிறந்தநாள் வாழ்த்துப் படம் திரையில் விழும். "ஒருக்கா இஞ்சை பார்த்து அண்ணாவைக்கு நன்றி சொல்லுங்கோ அம்மா" என்ற குரல் கேட்கும். அந்த அம்மாவின் பின்னால் பாடசாலைச் சீருடையோடு ஒரு பெண்பிள்ளை நின்றுகொண்டிருப்பாள். மறுநாள் வகுப்பில் எல்லாருடைய வீட்டுத் தொலைபேசியிலும் அந்தப் பானையைப் பார்த்த பிள்ளைகளுக்கு நடுவே அவள் போய் உட்காரவேண்டும்.

இதன் பொருளாதாரத்தையும் பார்க்கவேண்டும். யூரியூப்பில் விளம்பர வருமானம் பெறுவதற்கு வழக்கமான வழி, குறைந்தது 1,000 சந்தாதாரர்களும் ஓராண்டுக்குள் 4,000 மணி நேரப் பார்வையும் சேர்ப்பது. அந்த எல்லையைத் தாண்டியபின், விளம்பரதாரர் கூடுதலாகப் பணம் கொடுக்கும் நாடுகளிலிருந்து வரும் பார்வைக்கே வருமானம் கூட. எனவே சூரிச்சிலும் ரொறன்ரோவிலும் இருக்கும் நம்மவர் முழுமையாக உட்கார்ந்து பார்க்கும் கண்ணீர், இங்கே இருப்பவர் பார்க்கும் சிரிப்பைவிட விலை போகும். பையில் இருந்த சாமானின் கணக்குத் திரையில் சொல்லப்படுகிறது. அந்தக் காணொளி பின்னர் உழைத்த பணத்தின் கணக்கை எந்தத் திரையிலும் நான் கண்டதில்லை. நேர்மையாகச் செய்பவர்கள் இல்லையென்று சொல்லமாட்டேன், அவர்களில் சிலரால் வீடு கிடைத்த குடும்பங்களும் உண்டு. ஆனால் 2025 மார்ச்சில் யாழ்ப்பாணத்தில் இப்படிக் காணொளி எடுத்துவந்த ஒருவர், ஒரு குடும்பத்துப் பெண்பிள்ளையைக் கமராவுக்கு முன் தரக்குறைவாக நடத்திய காட்சி பரவிக் கைதானபோது, அதிர்ச்சியடைந்தவர்கள்தான் என்னை அதிர்ச்சிக்குள்ளாக்கினார்கள். கொடுக்கிறவன் கேட்டால் சொல்லியே ஆகவேண்டும் என்ற ஏற்பாடு ஒவ்வொரு காணொளியிலும் இருந்தது. அன்று ஒருத்தி சொல்ல மறுத்தாள், அவ்வளவுதான்.

இங்கேதான் பிக் பாஸை நான் இதற்கு மேலே வைக்கிறேன். அங்கே போனவர் ஒப்பந்தம் பார்த்தார், சம்பளம் பேசினார், வேண்டாமென்று சொல்லும் வசதியோடு வேண்டுமென்று சொன்னார். இங்கே பசித்த வீட்டின் முற்றத்தில் சாமானை இறக்கிவைத்துவிட்டுச் சம்மதம் கேட்கிறார்கள். 2009 இல் போரால் இடம்பெயர்ந்தவர்களை அடைத்த செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முள்வேலிக்குள் இருந்தபோதும் படம் எடுக்க வந்தவர்கள் வரிசையையும் கையிலிருந்த கோப்பையையும்தான் எடுத்தார்கள். அன்று மறுக்க வழியில்லை. முகாம் 2012 இல் மூடப்பட்டு, அந்தச் சனம் தன் காணிக்குத் திரும்பி, படலை போட்டபின்னும் அதே கமரா படலைக்குள் வருகிறதென்றால், இம்முறை அதைக் கொண்டுவருவது நம் பெடியன்.

பிரபலங்களின் செய்தி ஒன்றை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 2024 நவம்பரில் ஏ.ஆர்.ரகுமானும் அவர் மனைவியும் பிரிவதாக வழக்கறிஞர் மூலம் அறிவித்து, தங்கள் தனிமையை மதிக்குமாறு கேட்டுக்கொண்டார்கள். வதந்தி பரப்பியவர்களுக்குச் சட்ட அறிவித்தலும் போனது. வட்ஸ்அப்பில் நம்மவர் அடித்த கதைகளை விட்டுவிடுவோம். நான் மணமுறிவை இலேசாக எடுப்பவனல்ல, அந்த அறிவிப்பை வாசித்து மனம் கசந்தவன்தான். ஆனால் அதில் ஒரு கண்ணியம் இருந்தது: நடந்ததைச் சொல்கிறோம், காரணத்தைக் கேட்காதீர்கள் என்றார்கள். உலகப் புகழ் பெற்றவருக்கு வாசல் சாத்த முடிகிறது. புதுக்குடியிருப்பில் கணவன் விட்டுப்போன ஒரு பெண்ணுக்கு அந்த வசதி இல்லை, அவளுக்கு வழக்கறிஞரும் இல்லை.

அப்படியானால் துக்கத்தைப் பொதுவில் காட்டவே கூடாதா என்று இளையவர்கள் கேட்கிறார்கள். காட்டலாம். நம் முன்னோர் நன்றாகவே காட்டினார்கள். வற்றாப்பளை கண்ணகி அம்மனை வணங்கும் முல்லைத்தீவுப் பக்கத்தில் கோவலன் கூத்து ஆடினார்கள். விடிய விடியக் கூத்து மேடையான களரியில் கண்ணகி அழுதாள், சனமும் சேர்ந்து அழுதது. புருஷனை இழந்த எத்தனை பெண்கள் அந்தக் கூட்டத்தில் தங்கள் அழுகையையும் சேர்த்து அழுதிருப்பார்கள்! யாரும் அவர்களைப் பார்த்துப் பேரென்ன, புருஷன் எங்கே என்று கேட்கவில்லை. கண்ணகி வேடத்தில் அழுதது, கூத்து ஆசிரியரான அண்ணாவியார் பழக்கிய ஓர் ஆண், மத்தளத்துக்கு இசைய அழுதார், விடிந்தபின் தன் வயலுக்குப் போனார். கூத்தைப் பொற்காலமாகக் காட்ட நான் வரவில்லை. பெண்ணை மேடையில் ஏறவிடாத காலம் அது. யாருக்கு எந்தப் பாத்திரம் என்பதில் சாதியும் உறவும் விளையாடியதுண்டு. ஆனால் துக்கத்துக்கு வேடம் கட்டத் தெரிந்திருந்தது. வேடத்தைக் கழற்றி, ஆளைக் காட்டினால்தான் உண்மை என்று இப்போது நினைக்கிறார்கள்.

உதவிக் காணொளிக்காரர்கள் சொல்லும் நியாயம் ஒன்றுக்குப் பதில் சொல்லவேண்டும். முகத்தைக் காட்டாவிட்டால் வெளிநாட்டிலிருந்து காசு வராது, ஏமாற்றுகிறோம் என்பார்கள், பசித்தவனுக்கு மானத்தைவிடச் சோறு முக்கியம் என்கிறார்கள். பசித்தவனுக்குச் சோறு முக்கியந்தான். அதைத் தீர்மானிப்பவன் பசித்தவனாக இருக்கவேண்டும், படம் எடுப்பவனாக அல்ல. காசு வராது என்பதும் முழு உண்மையல்ல. பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர்ந்த கோயில்களும் பாடசாலை அதிபர் ஊடாகவும் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாகவும் நெடுங்காலமாகப் பணம் அனுப்புகின்றன. சைக்கிள் வாங்கிய பற்றுச்சீட்டும் கிணறு கட்டிய கணக்கும் அவர்களுக்குப் போகின்றன. அதிலும் களவு நடக்கலாம், நடந்துமிருக்கலாம், ஆனால் அதைக் கணக்குப் புத்தகத்தில் பிடிக்கலாம். காணொளிதான் வேண்டுமென்று நிற்பவர்கள் கட்டிய கிணற்றைக் காட்டட்டும், வாங்கிய தையல் மெசினைக் காட்டட்டும், கடைக்காரரின் பில்லைக் காட்டட்டும். பிள்ளைகளைப் படத்தில் எடுக்காமல் விடட்டும். அனுப்புகிற அண்ணன்மாரும், நன்றி சொல்லும் முகத்தைக் கேட்டு வற்புறுத்துவதை விட்டுவிட்டு, அந்தக் காணொளி உழைத்த பணத்தில் அந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு போனது என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும்.