ஸ்பீக்கருக்கு அடியில் ஸ்பைக்கா, ரப்பரா?

பாஸை, அதாவது தாழ்ந்த ஒலியை, கொஞ்சம் ஏற்றினால் போதும், மேசை மேல் இருக்கும் பேனா டப்பாவும் கூடவே தாளம் போடும். அந்தத் தொல்லை தாங்காமல் ஸ்பீக்கருக்கு அடியில் ஸ்பைக் (கூர்முனை உலோகப் பாதம்), நுரை மெத்தை, ஸார்போதேன் (அதிர்வை உறிஞ்சும் ரப்பர் மாதிரியான மென்பொருள்) அரைக்கோளங்கள் என்று மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இப்போது அடியில் இருப்பது ஸார்போதேன்.

ஸ்பைக் அதிர்வைத் தடுக்கும் என்று நம்பி வாங்குபவர்கள் உண்டு. கெட்டியான உலோக முனை அதிர்வைக் கீழே கடத்தத்தான் செய்யும். கம்பளத்தைத் துளைத்துத் தரையில் ஊன்றி, உயரமான ஸ்பீக்கரை ஆடாமல் நிறுத்த அது நல்லது. மேசையில் வைத்தால் பலகைதான் குழியும்.

நுரை மெத்தை மலிவு. ஸ்பீக்கரைக் காதை நோக்கிச் சாய்க்கவும் வசதி. நாளாக ஆக அமுங்கிப்போகும்.

ஸார்போதேனில் எல்லாமே எடைக் கணக்குதான். முதலில் வாங்கியது கனமான பெட்டிகளுக்கானது. என் சின்ன ஸ்பீக்கருக்கு அடியில் அது அமுங்கவே இல்லை, கல் மாதிரி கிடந்தது, ஒலியிலும் மாற்றமில்லை. அமுங்கினால்தானே வேலை செய்யும்? எளிய ஸ்பிரிங் கணக்கில் 1 மி.மீ. அமுங்கினால் இயல்பு அதிர்வெண், அதாவது அதன் மேல் ஸ்பீக்கர் தானாக ஆடும் வேகம், சுமார் 16 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 16 ஆட்டம்), 4 மி.மீ. என்றால் 8. ரப்பர் வகைகளில் இதைவிடச் சற்றுக் கூடவே வரும். ஒலியின் அதிர்வெண் அந்த இயல்பு அதிர்வெண்ணைப் போல் 1.4 மடங்கைத் தாண்டிய பிறகுதான் தடுப்பு தொடங்கும். இயல்பு அதிர்வெண்ணை ஒட்டி வரும் அதிர்வு இன்னும் பெருகும். ஆகவே ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு எடை பார்க்கும் மெஷினில் ஏறுங்கள், உங்கள் எடையைக் கழியுங்கள், ஒரு ஸ்பீக்கருக்கு நாலு அரைக்கோளம் என்பதால் மீதியை நாலால் வகுத்து அதற்கேற்ற கடினத்தன்மையில் வாங்குங்கள். காந்தம் இருக்கும் முன்பக்கம் பெரும்பாலும் கனமாக இருக்கும். நாலும் ஒரே அளவு அமுங்கும்வரை நகர்த்திப் பார்க்க வேண்டும்; எனக்கு ஒரு சாயங்காலமே போனது.

எடைக்கேற்றதை வைத்த பிறகு பாஸின் இழுவை குறைந்து, டிரம் அடி சட்டென்று நின்றது. ஸார்போதேன் பாலிஷ் போட்ட மரத்தில் கறை விடும், அதனால் இடையில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தகடு வைத்திருக்கிறேன்.

எஃகு ஸ்பிரிங் பாதங்களை நண்பர் வீட்டில் ஒரே ஒரு நாள்தான் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது, தொட்டால் ஸ்பீக்கர் ஆடியது. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

அப்புறம், காற்று வழியாக வரும் பாஸும் மேசையை உலுக்கும். அதற்கு ஸ்பீக்கரின் அடியில் எதை வைத்தாலும் பயனில்லை. பேனா டப்பா இப்போது டிராயருக்குள் இருக்கிறது.